மிஷினுக்கு விசிறிய வீட்டுக்காரம்மா

எங்கள் வீட்டுக்காரம்மா என் காபியை ஊதி ஆற்றிக் கொடுத்த முதல் நாளே நான் சுதாரித்திருக்க வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனுக்கு யாராவது காபியை ஊதிக் கொடுப்பார்களா? கொடுத்தார். "குடிங்க தம்பி, இப்பதான் பதமா இருக்கு" என்றார். குடித்தேன். பச்சைத் தண்ணீர்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் கோயிலின் பேகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. கீழே அவர்கள், மேலே நானும் என் மனைவியும். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. கோப்பு நகர்த்துவதில் நிதானம், மற்ற எல்லாவற்றிலும் பதற்றம். சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தால் நான் வாசலில் இருப்பேன்.

அந்த ஊரில் சாமியே நெருப்பு. பகல் முழுக்க வெயிலைக் குடித்த மலைப்பாறை, பொழுது சாய்ந்ததும் அதைத் திருப்பி எங்கள் சந்துக்குள் துப்பும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரம்மா வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரே வேலை, எதையாவது குளிர வைத்துக்கொண்டிருந்ததுதான். இட்லித் தட்டை இறக்கினால் முந்தானையால் விசிறுவார். வெயிலில் நின்ற என் சைக்கிள் சீட்டில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். நான் அதில் உட்கார்ந்து அலுவலகம் போய், நாள் முழுக்க யாருக்கும் முதுகு காட்டாமல் சுவர் ஓரமாகவே நடப்பேன். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை இடித்துக்கொண்டு சண்டை போட்டால், இவர் பனையோலை விசிறியோடு போய் நடுவில் நின்று, ஒன்றும் பேசாமல் ஆளுக்கு நாலு விசிறு விசிறுவார். சண்டை போடுகிறவர்களால் எவ்வளவு நேரம் சிரிக்காமல் இருக்க முடியும்?

அவர் கணவர் பஸ் டிரைவர். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "என் வண்டி ரேடியேட்டருக்கு நான் ஊத்துன தண்ணிய விட, எனக்கு இவ ஊத்துன தண்ணி ஜாஸ்தி தம்பி."

கார்த்திகை தீபத்தன்று எல்லோரும் மொட்டை மாடியில் நின்றோம். உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்று அலறியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன். வீட்டுக்காரம்மா கும்பிட்டு முடித்து, முந்தானையை எடுத்து மலையைப் பார்த்து மெதுவாக விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது?"

"பாவம் தம்பி. அவ்ளோ உசரத்துல ஒண்டியா எரிஞ்சினு இருக்காரு. ஊரு ஜனம் கும்புடுது, எவனாவது ஒருத்தன் விசிறி விடறானா பாரு."

இவரிடம்தான் அந்தக் காற்று மிஷின் வந்து சேர்ந்தது.

வேலூரில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அவருடைய தம்பி, பெரிய மிஷின் வாங்கியதும் பழைய சின்ன மிஷினை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். காற்றை அடைத்து வைக்க ஓர் உருளைத் தொட்டி, அதன் மேல் ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து பெல்ட், பெல்ட் சுற்றும் காற்றுப் பம்பு. பம்பின் தலையில் வரி வரியாக இரும்புத் தகடுகள். தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போய், துப்பாக்கி மாதிரி ஒன்றில் முடியும். அதில் பெயிண்டை ஊற்றி விசையை அழுத்தினால் புகை போலப் பீய்ச்சும். வீட்டுக்காரம்மாவுக்கு இது பொழுதுபோக்காகிவிட்டது. மாதம் ஒன்று முடிவதற்குள் அந்த வீட்டில் இரும்பாக இருந்ததெல்லாம் மயில் கழுத்து நிறம். வாளி, ஜன்னல் கம்பி, மடக்கு நாற்காலி, டிரைவர் ஐயாவின் சாப்பாட்டுத் தூக்கு. அவர் டூட்டி முடிந்து வந்து சரியான வீட்டுக்குத்தான் வந்தோமா என்று ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மிஷின் இருந்த இடம் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே. மாடிப்படிக்கு மேலே என் அறை. அறையில் என் கட்டில் இருந்த இடத்தை நான் கயிறு பிடித்து அளந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. தொட்டி வெடித்தால் முதலில் மலைக்குப் போவது நான்தான், அதுவும் படி ஏறாமல்.

கட்டிலை எதிர்மூலைக்கு நகர்த்தினேன். "அங்க கூரை ஒழுகுதுன்னுதானே இங்க போட்டோம்?" என்றாள் மனைவி.

"நனைஞ்சா துவட்டிக்கலாம். வெடிச்சா?"

"வெடிச்சா உங்கள மட்டுமா தேடி வரும்? நானும் இங்கதானே படுக்கிறேன்?"

கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம், "அத பின்பக்கம் வெச்சா காத்தோட்டமா இருக்கும்" என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். "அய்ய, வெயில்ல வெச்சா அது இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். மிஷின் நிழலில் இருக்க வேண்டும் என்பதற்காக நான் எமனுக்கு மேலே படுத்தேன்.

அந்த வருஷம் கத்திரி வெயிலில்தான் என் மகள் பிறந்தாள். முதல் பிரசவம் அம்மா வீட்டில் நடப்பது வழக்கம். என் மனைவிக்கு அம்மா இல்லை. போளூரிலிருந்து அவளுடைய அத்தை வந்து பார்த்துவிட்டு, "மாடி அறை. சூளை மாதிரி இருக்கு. கொழந்த இங்க எப்பிடிக் கண்ண மூடித் தூங்கும்? எங்கூட அனுப்பு" என்றார். ஆனால் வீட்டுக்காரம்மா பத்தியச் சாப்பாட்டிலிருந்து வேது பிடிக்கும் வெந்நீர் வரை ஏற்கெனவே எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தார். அவருடைய இரண்டு மகன்களும் வேலை என்று வடக்கே போனவர்கள். பொங்கலுக்கு ஒரு கடுதாசி வரும். அந்த வீட்டில் குழந்தை அழுது எத்தனையோ காலம். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, போளூர் என்ற ஊரை அவர் எவ்வளவு வெறுத்தார் என்பது புரியும்.

அத்தை கடைசியாக ஒரு வாய்தா கொடுத்தார். "தொட்டில் போடற அன்னிக்கி வர்றேன். பாப்பா நல்லாத் தூங்குனா இருக்கட்டும். இல்லன்னா ரெண்டு பேரையும் அன்னிக்கே கூட்டினு போயிடுவேன்."

"தூங்கும்" என்றார் வீட்டுக்காரம்மா. அவ்வளவுதான் சொன்னார். கையில் விசிறி ஆடிக்கொண்டிருந்தது, வழக்கத்தை விட வேகமாக.

பரணில் ஓர் இரும்புத் தொட்டில் கிடந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் கிடந்த தொட்டில். துரு ஏறிக் கறுத்திருந்தது. பிரசவத்துக்கு முன்பே இறக்கித் தேய்த்து வர்ணம் அடித்திருந்தால் பேஜார் இல்லை. ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தொட்டிலைத் தொடக் கூடாதாம், ஒரு சட்டை கூட வாங்கக் கூடாதாம். நான் முன்பே ஒரு நாள் அதை எட்டிப் பார்த்ததற்கு என்னை விரட்டினார். "கண்ணு வெக்காத, எறங்கு." ஆகவே குழந்தை பிறந்த பிறகு, தொட்டில் போடும் நாளுக்குள், அந்த வெயிலில், அத்தனை வேலையும்.

துருவைத் தேய்த்து எடுத்தோம். முருங்கை மரத்தில் தொங்கவிட்டு வர்ணம் அடிக்க ஆரம்பித்தார். "வெறும் தொட்டில் ஆடக் கூடாது, புடி" என்று என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். அவர் அடித்தார். என் முழங்கை வரை கிளிப்பச்சை. குழந்தைக்கு மட்டும் மயில் கழுத்து வேண்டாம் என்று வேறு நிறம் வாங்கியிருந்தார். மறுநாள் அலுவலகத்தில் மேலதிகாரி என் கையைப் பார்த்துவிட்டு, "என்னய்யா வேண்டுதல்?" என்று கேட்டார்.

வேலை பாதி நடக்கும்போதே பம்புத் தலை கொதித்துவிடும். சூடான காற்றில் இருக்கும் ஈரம் குழாய் வழியே போகிறபோது குளிர்ந்து தண்ணீர்த் துளியாகி, பெயிண்டோடு சேர்ந்து துப்பும். காய்ந்த பிறகு பார்த்தால் தொட்டில் கம்பியெல்லாம் கொப்புளம், அம்மை வார்த்தது போல. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி கொப்புளம். நிறுத்தி ஆறவைத்து அடித்தால் இரண்டு கம்பிக்கு மேல் தாங்கவில்லை. பம்புத் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். சொய்ங்.

"பாத்தியா, தோசையே வாக்கலாம். வாயில்லாத ஜீவன், வேர்த்து ஊத்துது."

மறுநாள் காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது 'பட்' என்று ஒரு சத்தம். கண்ணாடிக்கு மேல் எரிந்துகொண்டிருந்த பல்பு அணைந்தது. நான் பாதி மீசையோடு கீழே ஓடினேன். மாடிப்படிக் கம்பியில் ஒரு பித்தளைச் சொம்பு கட்டித் தொங்கியது. அடியில் ஓட்டை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பம்பின் தலையில் விழுந்து, வழிந்து, மோட்டாருக்குள் போயிருக்கிறது. ஃபியூஸ் போய்விட்டது. வீட்டுக்காரம்மா ஓர் அடி தள்ளி நின்று விரல்களை உதறிக்கொண்டிருந்தார்.

"கரண்ட்டும்மா! கரண்ட்டு! செத்துப் போயிருப்பீங்க!"

"லேசா ஜிவ்வுனுச்சு, அவ்ளோதான். எதுக்குக் கத்தற? கத்திரி வெயில்னு கோயில்ல சாமி தலைக்கு மேல பாத்திரம் கட்டி ராப்பகலா சொட்டு விடறாங்களா இல்லியா? அவ்ளோ பெரிய நெருப்புக்கே அது கேக்குது. இத்தூண்டு மிஷினுக்குக் கேக்காதா?"

"சாமிக்குப் பிளக்கு கிடையாதும்மா!"

இந்தக் கூச்சலில் டிரைவர் ஐயா புரண்டு படுத்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பஸ்ஸுல என்ஜினுக்கு முன்னாடி இன்னா சுத்துது?"

"இன்னா சுத்துது?"

"ஃபேனு" என்றார். குறட்டை மறுபடி தொடங்கியது.

விசிறி என்ற சொல் காதில் விழுந்தபிறகு வீட்டுக்காரம்மாவை யார் பிடிக்க முடியும்? மோட்டாரைக் காயவைத்து, ஃபியூஸ் கட்டிய கையோடு ஓர் எண்ணெய் டின்னை வெட்டினார். காற்றாடிக்கு வெட்டுவது போல நான்கு இதழ். மோட்டாரின் முன்னால் பெல்ட் மாட்டும் சக்கரத்தில் அதை வைத்து போல்ட்டு முடுக்கினார். விசையைப் போட்டதும் 'விர்ர்' என்று சுற்றியது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் பறந்தது. முகத்தில் அப்படி ஒரு சுகம். பக்கத்து முறத்தில் காய வைத்திருந்த அரிசி மாவும் பறந்து, நான் நரைத்துப் போனேன்.

கொஞ்ச நேரம் காற்று வாங்கியவர் சட்டென்று நிறுத்தினார். "த்தூ. காத்து எனக்கு வருது. அதுக்கு வரலையே."

இதழ்களைத் திருப்பி வளைத்திருக்கிறார். காற்று பம்புப் பக்கம் போகாமல் ஆள் பக்கம் வந்திருக்கிறது. குறடால் நான்கையும் மாற்றி முறுக்கினார். காற்று நாலாபக்கமும் சிதறாமல் பம்புத் தலைக்கே போக, அடி போன அலுமினியக் குண்டான் ஒன்றை இதழ்களைச் சுற்றிக் கட்டினார். விரல் பட்டுவிடக் கூடாதென்று முன்னால் மாவுச் சல்லடையை வைத்து மூடினார். பெயிண்ட் அடிக்கிற இடத்தில் தூசி பறக்காதபடி ரப்பர் குழாயை நீளமாக்கி ஜன்னல் வழியே பின்பக்கம் கொண்டுபோனார். எல்லாம் சரி. எனக்கு இப்போது பயம் இரண்டாகிவிட்டது. முன்பு தொட்டி வெடிக்கும் என்று மட்டும் பயம். இனி நான்கு தகட்டு இதழில் ஒன்று கழன்றால், சல்லடையைக் கிழித்துக்கொண்டு, படி இறங்கும் ஆளின் கழுத்தைத் தேடும். நான் படி இறங்கும்போதெல்லாம் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் பார்த்தவர்கள் நான் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கோ படுக்கப் போவதாக நினைத்தார்கள்.

தொட்டிலுக்கு மறுபடி வர்ணம் அடித்த அன்று நான் மாடியிலேயே இருந்துவிட்டேன். கீழே மிஷின் தடதடவென்று ஓடியது. ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து 'புஸ்ஸ்ஸ்ஸ்' என்று நூறு பாம்பு சீறியது போல.

நான் பாயில் கிடந்த வெள்ளைத் துணிப் பொட்டலத்தை வாரி எடுத்தேன். "பாப்பா பயப்படாத, அப்பா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே படிகளைத் தாவி, வாசலைக் கடந்து, சந்து முனை இஸ்திரி வண்டியில் வந்துதான் நின்றேன். இஸ்திரிக்காரர் கை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"எத்தினி உருப்படி சார்? எதுக்கு இவ்ளோ வேகம், நான் எங்க போயிடப் போறேன்?"

பொட்டலத்தில் என் நான்கு சட்டைகளும் மூன்று வேட்டிகளும் இருந்தன.

நடந்தது இதுதான். தொட்டியில் காற்று அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விடும் வால்வு ஒன்று உண்டு. அது தன் கடமையைச் செய்திருக்கிறது. திரும்பி வந்தால், மாடிச் சூடு தாங்காமல் என் மனைவி எப்போதோ கீழே இறங்கி, மிஷின் இருக்கும் அந்தக் கூடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தடதடப்பிலும் அசையவில்லை, சீறலிலும் அசையவில்லை. மனைவி என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"இஸ்திரிக்கு."

தொட்டில் கிளிப்பச்சையில் கொப்புளமில்லாமல் மின்னியது. வீட்டுக்காரம்மா பம்புத் தலையில் தண்ணீர் தெளித்தார். சத்தம் இல்லை. "பாரு, எப்பிடி சில்லுனு சாதுவா கீது" என்றார், பிள்ளை வளர்த்தவர் சொல்வது போல.

தொட்டில் போடும் நாளும் வந்தது. கூடத்தில் மாவிலை, வெற்றிலை, வளையல். போளூர் அத்தை வந்து தொட்டிலைத் தட்டிப் பார்த்தார், குறை கிடைக்கவில்லை. குழந்தையைக் கிடத்தினார்கள். அவ்வளவுதான், வீறிட்டது. அத்தை ஒரு தாலாட்டுப் பாடினார். இன்னும் உரக்க அழுதது. வந்திருந்த பெண்கள் மாறி மாறிப் பாடினார்கள். குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, முகமெல்லாம் சிவப்பு. வீட்டுக்காரம்மா தொட்டில் கயிற்றை ஒரு கையில் பிடித்து மறு கையால் விசிறினார், விசிறினார். குழந்தை எதற்கும் மசியவில்லை.

"இதுக்குதான் சொன்னேன்" என்றார் அத்தை. "வெயில்ல போட்டு வதைக்காதீங்க. சாயந்தரம் பஸ்ஸுக்குத் துணிய எடுத்து வெய்மா."

வீட்டுக்காரம்மாவின் விசிறி நின்றது. அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஏங்க, அந்த மிஷினப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்கன்றேன்!"

விசைக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். கூடம் நிறைய ஜனம், தொட்டிலில் என் பிள்ளை, எட்டடி தூரத்தில் அந்தப் பிசாசு. அதை ஊரை விட்டே அனுப்ப எத்தனை திட்டம் போட்டவன் நான்! கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையைத் தட்டினேன். தடதடவென்று கிளம்பியது.

"குழாய தொறந்து வுடு தம்பி! காத்து போயினே இருக்கட்டும், உள்ள சேர வேணாம்!" என்று கத்தினார் வீட்டுக்காரம்மா. திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அழுகை ஒரு படி இறங்கியது. பிறகு விக்கல். பிறகு விரல் வாய்க்குப் போனது. பாடிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். தடதடப்பு மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் தூங்கிவிட்டாள்.

"இத நிறுத்துனா?" என்றார் அத்தை, ரகசியக் குரலில்.

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார் வீட்டுக்காரம்மா. "முன்னல்லாம் கொஞ்ச நேரத்துல கொதிச்சுடும். இப்ப ஃபேன் கீது. பாப்பா தூங்கற வரிக்கும் ஓடும்."

ஓடியது. இலை போட்டு, எல்லோரும் சாப்பிட்டு, அத்தை வெற்றிலை மென்று முடிக்கும் வரை ஓடியது. அத்தை எழுந்தார். பம்புத் தலைக்கு அருகில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, "அடுத்த மாசம் வந்து பாக்கறேன்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வீட்டுக்காரம்மா வாசல் வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். ஒரு கை தண்ணீர் எடுத்துப் பம்புத் தலையில் தெளித்தார். சத்தம் இல்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. என் மனைவியின் கழுத்தைத் தொட்டார். பரவாயில்லை. பிறகு மூலையில் திரும்பினார். அங்கே நான், சட்டை தெப்பமாக நனைந்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

விசிறியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வூட்ல எல்லாம் ஆறிப்போச்சு" என்று சொல்லி, நிதானமாக எனக்கு விசிற ஆரம்பித்தார். "இந்த ஒரு மிஷினுக்குத்தான் இன்னும் சூடு எறங்கல."